மச்சானை வெளியே போகச் சொன்னேன்

போன சனிக்கிழமை சண்டிலிப்பாயில், ஒரு வீட்டு முற்றத்தில், முருங்கைமரத்துக்குக் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தேன்.

முருங்கைக்குக் கீழே யாராவது நிற்பார்களா? அதற்கு நிழல் என்று ஒன்று இருக்கிறதா என்ன? சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயில் வராத இடம் தேடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ரோட்டால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

யாரையும் பார்க்க வரவில்லை ஐயா. உள்ளே என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள்… அதனால் நான் வெளியே நிற்கிறேன்.

யாரும் என்னைத் துரத்தவில்லை. நான்தான் எழுந்து வந்தேன். அந்த விதியை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளும் நான்தான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். கம்பனி, பங்கு, பணிப்பாளர் சபை என்றெல்லாம் வரும். பயந்து அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடாதீர்கள். தேங்காய் திருவுவதும் வரும்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீடு, அதில் ஒரு ஆள். கலியாணம் கட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் உத்தியோகத்துக்காகத் திருகோணமலையில் இருந்து வந்தவர்கள், போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது ஒரு தங்கை. அவளும் இல்லை.

பின்னேரங்களில் மாணவர்கள் பலாலி வீதியால் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவேன். இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி கீரை. "என்ன மிஸ், உவ்வளவுதானோ?" என்று மரக்கறிக்காரி ஒவ்வொரு முறையும் கேட்பாள். "உவ்வளவும் காணும், போதும்" என்று நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கரைச்சல் தெரியுமா? உப்புக் கூடினாலும் சொல்ல ஆளில்லை. குறைந்தாலும் இல்லை.

படிப்பித்த காலத்தில், கடைசி வருட மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புக் கொண்டுவருவார்கள். பாதிப்பேர் கொண்டுவருவது ஒரே தலைப்பு — கம்பனி ஆளுகைக்கும் நிதிப் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு. பயப்படவேண்டாம். ஒரு கம்பனியை ஒழுங்கு முறையாக நடத்தினால் அதற்கு லாபம் கூடுமா, அதன் பெறுமதி ஏறுமா என்பதுதான் கேள்வி. சபையில் எத்தனை பேர், அதில் வெளியாட்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டுக் கடைவார்கள். சிலருக்குத் தொடர்பு வரும். சிலருக்கு வராது. வராத பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அறைக்கு வருவார்கள்.

"வராததும் ஒரு முடிவுதான் பிள்ளை. போய் எழுதும்" என்று தேற்றி அனுப்புவேன்.

ஒரே விதிகள். ஒரே மாதிரிச் சபைகள். ஏன் ஒரு இடத்தில் பலன் வருகிறது, இன்னொரு இடத்தில் வரவில்லை? உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓய்வூதியம் வரை வந்து சேர்ந்துவிட்டேன்.

சரி, சண்டிலிப்பாய்க்கு வருவோம்.

தில்லையம்பலம் அண்ணை அங்கே ஒரு சின்னக் கம்பனி நடத்துகிறார். மிளகாய்த்தூள், அரிசிமா, மோர்மிளகாய், வடகம். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தயாராகிற சாமான் ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் சனத்தின் குசினி வரைக்கும் போகிறது. கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். அண்ணைதான் தலைவர். அவருடைய தம்பி தேவன் தயாரிப்பைப் பார்க்கிறார். அண்ணையின் மனைவி சிவமலர். அவளுடைய தம்பி குகன், கனடாவில் இருப்பவர், கம்பனி தொடங்கக் காசு அனுப்பியவர். இந்த மூன்று ஆண்களும்தான் பணிப்பாளர் சபை.

கொழும்பில் இருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் இவர்களிடம் பங்கு எடுக்க விரும்பியது. எடுத்தால் புது மெஷின் வரும், ஊரில் இன்னும் கொஞ்சப் பெண்களுக்கு வேலை வரும். ஆனால் ஒரு நிபந்தனை. சபையில் இவர்களுக்குச் சொந்தமில்லாத ஒருவர் இருக்கவேண்டும். அவருக்குப் பெயர் சுயாதீன பணிப்பாளர்.

ஊரெல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தமான வலிகாமத்தில் சொந்தமில்லாத ஒருவர்! கேட்டவர்கள் கொழும்புக்காரர். அவர்களுக்கு எங்கே எங்கள் பாடு தெரியும்?

தில்லை அண்ணை மாதக்கணக்காக அலைந்தார். மானிப்பாயில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் கிடைத்தார். விசாரித்துப் பார்த்தால் பெரியம்மாவின் மருமகன். சங்கானையில் ஒரு சட்டத்தரணி. இவர் நிச்சயம் சொந்தமில்லை என்று சந்தோசமாக வீட்டுக்குப் போனால், சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தில் தில்லை அண்ணையே இளித்துக்கொண்டு நிற்கிறார்! கோப்பாயில் ஒரு அதிபர். எல்லாம் சரி… அவருடைய மகளுக்கும் தேவனின் மகனுக்கும் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பின்னேரம் வந்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு கலியாணத் தரகர் மாதிரி விசாரிக்கத் தொடங்கினார்.

"அப்பா எந்த ஊர் மிஸ்?"

"திருகோணமலை."

"அம்மா?"

"அவவும் அங்கைதான்."

"இஞ்சாலை வலிகாமத்துக்கை ஆரும் கட்டினவையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"சகோதரங்கள்?"

"ஒரு தங்கச்சி. அவவும் செத்துப்போனா."

"அப்ப… சொந்தமெண்டு சொல்ல ஆருமே இல்லையோ?"

"இல்லை."

"மெத்த நல்லது!" என்றார்.

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் கறுத்துப்போயிற்று. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னுடைய அந்தப் பதிலுக்கு "ஐயோ பாவம்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். "நல்லது" என்று சொன்ன முதல் மனிசன் இவர்தான். எனக்கு ஆளில்லாததும் ஒரு தகுதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சம்மதித்தேன். சபையில் ஒரு பெண் இருந்தால் இன்னும் நல்லது என்று கொழும்பு சொல்லியிருந்ததாம். இரண்டு தேவைக்கும் ஒரே ஆள், மலிவுதானே!

கூட்டம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கனடாவில் இருந்து குகன் வீடியோவில் வருவார். அவருடைய முகத்தோடு போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைப்பார்கள். தில்லை அண்ணை ஒன்றைச் சொல்வார். தேவன் "ஓம் அண்ணை" என்பார். செம்பு கொட்டாவி விட்டபடி "ஓம் அத்தான்" என்னும். நானும் ஏதாவது இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஓம் என்பேன். இப்படியே எல்லாம் ஏகமனதாக நிறைவேறும்.

முதல் கூட்டம் முடிந்தபோது முன்அறையில் தனியாக இருந்தேன். சிவமலர் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உதிலை தனிய இருந்து என்ன செய்யிறியள்? வாங்கோ உள்ளுக்கை."

போனேன். பாதித் தேங்காயை என் கையில் தந்து, திருவலையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உதைத் திருவுங்கோவன். எனக்கு இஞ்சை கறி அடிப்பிடிக்குது."

வாசகர்களே, போன வீட்டில் உங்களுக்கு வேலை சொல்கிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விசயம் தெரியுமா? விருந்தாளிக்கு யாரும் வேலை சொல்லமாட்டார்கள். வீட்டு ஆளுக்குத்தான் சொல்வார்கள். எனக்கு ஒருவர் வேலை சொல்லி எத்தனை காலம்! கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சமாளித்தேன். "வெங்காயம் இன்னும் உரிக்கேல்லையே" என்றாள் சிவமலர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்தன்றும் அப்படித்தான். ஆண்கள் மேசையில் சாப்பிடுவார்கள். நானும் அவளும் குசினிக்குள் பலகையைப் போட்டு இருந்து, சில்வர் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவோம். "உப்புக் காணுமோ?" என்று கேட்பாள். காணும், காணாது என்று சொல்வேன். மாதம் முழுவதும் அந்தச் சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினேன். சுயாதீன பணிப்பாளராம்… நல்ல சுயாதீனம்!

இப்படி இருக்கும்போதுதான் குகனின் மண்டபம் வந்தது.

கடலுக்குக் கிட்ட, தாய்தகப்பனின் காணியில் குகன் ஒரு பெரிய மண்டபம் கட்டியிருந்தார். கலியாண மண்டபமாக ஓடும் என்று நம்பிக் கட்டியது. ஓடவில்லை. கம்பனிக்கோ கொட்டகை போதவில்லை. தொழிற்சாலையை அங்கே மாற்றினால் என்ன? அவருக்கு வாடகை, கம்பனிக்கு இடம். வீடு முழுக்க அதே பேச்சு.

எல்லாரையும்விடச் சிவமலருக்குத்தான் சந்தோசம். அவள் பிறந்து வளர்ந்த வளவல்லவா? கீரை ஆய்ந்துகொண்டே ஒருநாள் சொன்னாள்.

"புது இடத்திலை பால் காய்ச்சேக்கை நீங்கள்தான் அக்கா அடுப்பு மூட்டவேணும்."

"நானோ? உமக்கென்ன விசரோ? கலியாணம் கட்டி, பிள்ளையளைப் பெத்து, எத்தினை பேர் இருக்கினம்."

"உந்தப் பழங்கதையளை விடுங்கோ. எனக்கு அக்காவெண்டு இருக்கிறது நீங்கள்தான். நீங்கள் மூட்டுறியள். அவ்வளவுதான்."

நல்ல காரியம் எதிலும் என்னை யாரும் முன்னுக்குக் கூப்பிட்டது கிடையாது. கலியாண வீடுகளில் தாலி கட்டும் நேரம் நானாகவே பின்வரிசைக்குப் போய்விடுவேன். ஒருவர் சொல்லி நகர்வதைவிட அது மரியாதை. அப்படிப்பட்ட என்னை ஒருத்தி அடுப்பு மூட்டச் சொல்கிறாள்! அன்று ஸ்கூட்டியில் வீடு போய்ச் சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

சிரிப்பெல்லாம் அடுத்த கூட்டம் வரைக்கும்தான்.

ஒரு விதி இருக்கிறது. நான் வருடா வருடம் படிப்பித்த விதி. சபையில் ஒருவருடைய சொந்த நன்மை சம்பந்தப்பட்ட விசயம் வந்தால், அவர் எழுந்து வெளியே போய்விடவேண்டும். மற்றவர்கள் கதைத்து முடிவெடுத்த பிறகு உள்ளே வரலாம். ஸ்லைட்டில் அது ஒரே ஒரு வரி. பரீட்சையில் அதை எழுதாத பிள்ளை இல்லை.

ஸ்லைட்டில் மச்சான் இல்லையே!

குகன் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தார். முதன்முறையாகச் செம்பில் இல்லாமல் கதிரையில் இருக்கப்போகிறார். மனைவியின் தம்பியை, கடல் கடந்து வந்து நிற்கிறவரை, அவருடைய அக்காவின் வீட்டிலேயே வைத்து, "எழும்பி வெளியே போங்கள்" என்று யார் சொல்வது? தில்லை அண்ணை சொல்வாரா? தேவன் சொல்வாரா? அவர்களுக்கு மச்சான். சொல்ல வாய் வருமா? அவருக்கு எந்த முறையும் இல்லாத ஒரு ஆள்தான் சொல்லவேண்டும். அதற்கென்றுதானே வலிகாமம் முழுக்கத் தேடி என்னைப் பிடித்தார்கள்?

சொன்னால் எனக்கு என்ன போகும் என்றும் தெரியும். அடுப்புப் போகும். பலகை போகும். "அக்கா" போகும்.

அந்தச் சனிக்கிழமை மானிப்பாய் வீதியில் ஸ்கூட்டியை ஊர ஊர ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போனான். பேசாமல் நானும் ஓம் என்றுவிட்டால் என்ன? என்னுடைய கம்பனியா? வாடகையும் அநியாயம் இல்லை. குகனும் நல்ல பிள்ளை. ஒரே ஒரு ஓம்… அதோடு அடுப்பு மூட்டலாம். இப்படி யோசித்து யோசித்து வாசலுக்கே வந்துவிட்டேன்.

மண்டபம் பற்றிய விசயம் வந்தது. தில்லை அண்ணை சொன்னார். தேவன் மேசையைப் பார்த்துக்கொண்டே "ஓம்" என்றார். அந்த ஓம் வழக்கமான ஓம் மாதிரி இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த விசயம் கதைக்கேக்கை குகன் இதிலை இருக்கேலாது" என்றேன்.

"ஏன் மிஸ்?" தில்லை அண்ணைக்கு விளங்கவில்லை.

"இடம் அவற்றை. வாடகை வாங்கப்போறவரும் அவர். அவர் கொஞ்ச நேரம் வெளியிலை இருக்கட்டும். நாங்கள் மூண்டு பேரும் கதைப்பம்."

"வெளியிலையோ? மச்சானையோ?" அவருடைய குரல் ஏறிவிட்டது. "என்ன மிஸ் கதைக்கிறியள்? வீட்டை வந்த மச்சானை எழும்பிப் போவெண்டு சொல்லுறதோ? நாளைக்கு நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது?"

இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

நல்லவேளை, குகனே எழுந்தார். "பரவாயில்லை அத்தான். அங்கை எங்கடை வேலையிடத்திலையும் உப்பிடித்தான் செய்யிறவை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய் முற்றத்தில் முருங்கைக்குக் கீழே நின்றார். நான் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால் தெரிந்தது.

உள்ளே மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்றது.

பிறகு தேவன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணை… அந்தக் கிணறு உப்பெல்லோ."

"தெரியும்" என்றார் தில்லை அண்ணை.

"தெரிஞ்சுகொண்டோ போறம் எண்டனீங்கள்? அந்தத் தண்ணியிலை சவுக்காரமே நுரைக்காது. அரிசி ஊறப்போடேலுமே? மிளகாய் கழுவேலுமே? நல்ல தண்ணி பவுசர் லொறியிலை ஏத்தினால் உழைக்கிறதெல்லாம் அதுக்குத்தான் போகும்."

"உனக்கும் தெரியுந்தானே. நீ ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"மச்சானுக்கு முன்னாலை அவற்றை கிணத்தை உப்பெண்டு எப்பிடியண்ணை சொல்லுறது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நான் ஒரு உப்புத் தண்ணியையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கிணறே தெரியாது. கம்பனியை மூழ்கடிக்கக்கூடிய விசயம் இரண்டு பேருடைய தொண்டையிலும் ஏற்கெனவே இருந்தது. ஒரு ஆள் எழுந்து வெளியே போனதும் அது தானாக வந்துவிட்டது. நான் வருடக்கணக்காகத் தேடிய தொடர்பு இதுதானோ? கூட்டக் குறிப்பில் எல்லாரும் விதியை எழுதிவைக்கலாம். உண்மையிலேயே ஒருவரை எழுப்பி அனுப்புகிற இடத்தில்தான் மற்றவர்களுக்கு வாயில் கதை வருகிறது. கதை வருகிற கம்பனி தப்பிக்கொள்கிறது.

மண்டபம் வேண்டாம், இருக்கிற கொட்டகையையே பின்பக்கம் நீட்டிக் கட்டுவது என்று முடிவாயிற்று. அந்த நேரம் பார்த்துச் சிவமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஜன்னலால் கண் போய்விட்டது.

"தம்பி ஏன் வெயிலுக்கை நிக்கிறான்?"

தேவன்தான் மெதுவாக, "மிஸ்தான் வெளியிலை நிக்கச் சொன்னவ" என்றார்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். "நல்லம்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அன்று கூட்டம் முடிந்து நான் வழக்கம்போலக் குசினிப் பக்கம் போனேன். வாசலிலேயே மறித்தாள். "நீங்கள் முன்னுக்கு இருங்கோ மிஸ். நான் கொண்டாறன்."

மிஸ்!

முன்அறையில் ஒரு சின்ன மேசை. அதற்குப் பூப்போட்ட விரிப்பு. கண்ணாடிக் கோப்பை, கை துடைக்கக் கடதாசி, குழாய் போட்ட சோடா. ராச உபசாரம்! அதே சோறு, அதே கறி. எனக்கு இறங்கவில்லை. உள்ளே வேறு யாரோ தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குகனோடு ஒரு பிரச்சினையும் இல்லை. போகும்போது "உப்புத் தண்ணி சரிவராதெண்டு எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே அத்தான்" என்று சிரித்தாராம். மண்டபத்தைக் குருநகர் ஆட்கள் வலைகள் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். வலைக்கு உப்பு என்ன செய்யும்?

கொழும்பில் இருந்து முதலீட்டு நிறுவனத்தின் அதிகாரி வந்தார். ஒரு பெண், நல்ல தமிழ். மெஷினைப் பார்த்தார், தூளை முகர்ந்து தும்மினார். பிறகு, "அந்த மண்டபத்துக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்டார். தேவன் ஒளிவுமறைவில்லாமல் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். மச்சான், முருங்கை, சவுக்காரம் எல்லாம். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார் — "நாங்கள் தூரத்தில் இருக்கிறோம். நாங்கள் இல்லாத அறையில் நீங்கள் என்ன கதைப்பீர்கள் என்பதை நம்பித்தான் பங்கு எடுக்கவேண்டும். இப்போது எடுக்கலாம்."

எடுத்தார்கள். முதலில் சொன்ன விலையைவிட நல்ல விலைக்கு. கொட்டகை நீண்டது. புது மெஷின் வந்தது. பால் காய்ச்சவில்லை. பழைய இடம்தானே, எதற்கு?

எல்லாருக்கும் நல்லது நடந்தது. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தப் பூப்போட்ட விரிப்பு வந்துகொண்டே இருந்தது. விலகிவிடுவோமா என்று யோசித்தேன். பாவம் தில்லை அண்ணை… இன்னொரு சொந்தமில்லாத ஆளுக்கு எங்கே போவார்?

இனிப் போன சனிக்கிழமை. விசயம்: என்னை இன்னொரு தவணைக்கு வைத்திருப்பதா, இல்லையா? நான் எழுந்தேன்.

"இருங்கோ மிஸ். உங்களை ஆர் போகச் சொன்னது?" என்றார் தேவன்.

"நான்தான்" என்றேன்.

முற்றத்தில் வேறு இடம் கண்ணில் படவில்லை. அதே முருங்கை. உள்ளே அவர்கள் கதைப்பது கேட்டது. என்ன கதைக்கிறார்கள் என்று விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள். என் வீட்டுத் தனிமை எனக்குப் பழகிவிட்டது. இது வேறு. சனம் இருக்கிற வீட்டின் சத்தம் கேட்கிற தூரத்தில் வெயிலில் நிற்பது. குகனும் இப்படித்தானே நின்றிருப்பார்? சொந்த அக்காவின் முற்றத்தில்?

பின்னால் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். சிவமலர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை மண்ணில் இழுத்துக்கொண்டு வந்தாள். வேலிப்பக்கம், பூவரசின் கிளை கொஞ்சம் நீண்டிருந்த இடத்தில் போட்டாள். தலைப்பால் தூசியைத் தட்டினாள்.

"இருங்கோ."

இருந்தேன். அவள் போகவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிணறு உப்பெண்டு எனக்குத் தெரியாதே அக்கா? அந்தத் தண்ணியிலை குளிச்சு வளர்ந்தனான். மண்டபம் வேண்டாமெண்டதிலை எனக்கொரு கோவமும் இல்லை."

அக்கா என்றுவிட்டாள்!

"அவனுக்கு அண்டைக்கு ஒரு கதிரை போட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு விறுவிறென்று குசினிக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். ஒரு கதிரை. எழும்பி வெளியே போகச் சொன்ன வாயால், "ஒரு கதிரை கொண்டுபோய்ப் போடுங்கோ தேவன்" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே! சட்டம் சரி, முடிவு சரி. ஒரு மனிசனை வெயிலில் விட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வைத்திருக்கத் தீர்மானமாம். நன்றி சொல்லிவிட்டு, ஒரு வேண்டுகோள் வைத்தேன். பூவரசுக்குக் கீழே கிடக்கிற கதிரையை எடுக்கவேண்டாம், கூட்ட நாட்களில் அது அங்கேயே கிடக்கட்டும், யார் வெளியே போனாலும் அதில் இருக்கட்டும். எல்லாரும் ஓம் என்றார்கள்.

மத்தியானச் சாப்பாடு அன்றும் முன்அறைக்குத்தான் வந்தது. அதே பூப்போட்ட விரிப்பு. குசினிக்குள் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் உள்ளே இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"உப்புக் காணுமோ?"

"காணும்" என்றேன்.

இத்தனை வருடம் நான் காட்டிய ஸ்லைட்டுகளில் எல்லாம் இருந்தது — சபை, விதி, லாபம், பெறுமதி. கதிரை மட்டும்தான் இல்லை.